பெஞ்சின் மேல் நிழல்

என் மாமா கட்டிய ரயில் ஒருநாளும் ஓடியதில்லை. ராசிபுரத்தில் அவர் தனியாகக் குடியிருந்த மாடி அறையில், கட்டிலைவிட நீளமான ஒரு பலகையின் மேல் அது நின்றுகொண்டேயிருந்தது. அகலப்பாதை வருவதற்கு முன்னால் சேலத்திலிருந்து விருத்தாசலம் போன மீட்டர்கேஜ் பாதையில், வாழப்பாடி பக்கம் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனை அச்சு அசலாகச் செய்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த வருடம் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார், அம்மாவுக்கு ஆபரேஷன். முழுப்பரீட்சை லீவுக்கு என்னை மாமாவிடம் விட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்பது வயது.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மாமா வேலைக்குப் போய்விட்டால் மாலைவரை நானும் ரயிலும்தான். முட்டை அட்டைகளை ஊறவைத்துக் கரைத்து மலை செய்திருந்தார். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லிக்குப் பதில் ஜவ்வரிசி. மூன்றே நாளில் எறும்புகள் பாதி ஜல்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ரயில்வேக்கு இப்படியொரு நஷ்டம் எங்கும் நடந்திருக்காது. அம்மா ஞாபகம் வந்து அழுகை முட்டும்போது எறும்புகளைத் திட்டுவேன். திட்டுவதற்காவது அங்கே யாரோ இருந்தார்களே.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறுவோம். பழைய ஸ்டேஷனை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அதனால் அங்கே வேலை பார்த்தவர்களையும் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களையும் தேடிப்பிடித்து விசாரிப்பார். ரயில் பைத்தியங்கள் என்ஜின் நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மாமா கேட்டதெல்லாம் வேறு. பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது? குழாயில் தண்ணீர் வருமா? பக்கத்தில் மரம் இருந்ததா?

தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்பா, ரயிலப் பத்திக் கேட்டா சொல்லலாம். பெஞ்சுல வெயில் அடிச்சா உனக்கென்ன, அடிக்காட்டி உனக்கென்ன?”

“சும்மாதானுங்க. ஒருத்தர் ரொம்ப நேரம் அங்க உக்காந்திருந்தா தாங்குமான்னு கேட்டனுங்க” என்றார் மாமா.

எனக்கு அலுத்துப் போனது. மரம் ஒன்றுதான் பாக்கி, அது முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று மாமா சொல்லியிருந்தார். முடிந்தால் ரயில் ஓடும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். நான்காவது ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷன் ரோட்டுப் பெட்டிக்கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பியவள், துணிந்து ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

“மாமா, கடைக்கார அம்மா சொன்னாங்க. மரம் இருந்துச்சாமா. பெரிய புங்கமரம். பெஞ்சு முழுக்க நெழலாமா.”

மாமா என்னையே பார்த்தார். “நெசமாலுமா சாமி?”

“ஆமாங்க மாமா.”

“சாயங்காலம் வரைக்கும் நெழலா?”

“இருட்டற வரைக்கும்.”

கடைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பஸ்ஸில் நோட்டைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். பொய் தெரிந்துவிட்டதோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். ஆனால் மறுநாளே செம்புக் கம்பியை முறுக்கி, பச்சை ஸ்பாஞ்சைக் கிள்ளி ஒட்டி, பெஞ்சே மறைகிற மாதிரி ஒரு மரம் செய்து நட்டுவிட்டார். இனி ரயிலை ஓட்டலாமே என்றேன்.

“நிக்கட்டும் சாமி. எறங்கறவங்க எறங்கட்டும்” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நல்ல பொய் வீணாய்ப் போயிற்றே என்று அன்று அவரோடு பேசவே இல்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். மாமாவின் மனைவி, என் அத்தை, ஒருமுறை அவரிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாளாம். வந்து கூப்பிடாமல் போகமாட்டேன் என்று அவள். மாமனார் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று இவர். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அந்த ஸ்டேஷன் என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்தார்கள். அவள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள், இவர் ரயிலில் வந்து இறங்கி அழைத்துப்போக வேண்டும். மத்தியானத்திலிருந்து கடைசி ரயில் வரைக்கும் அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மாமா ரயில் ஏறவே இல்லை. அப்புறம் அவள் திரும்பி வரவே இல்லை. மாமனார் ஊருக்கு எப்போதும் பஸ்ஸில் போய்வந்த மாமா அந்தப் பழைய ஸ்டேஷனைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லையாம்.

போன வருடம் மாமா காலமானார். பலகையும் நோட்டும் என்னிடம் வந்தன. நோட்டில் ‘மரம்’ என்று தலைப்பிட்டு, யார் யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். தண்டவாளப் பெரியவர்: இல்லை. ரயில்வே கேட் கீப்பர்: இல்லை, வெட்டவெயில். நான் பொய் சொன்னதற்கு முந்தைய வாரமே கேட்டது போலிருக்கிறது, பெட்டிக்கடை அம்மா: ஒரு செடிகூடக் கிடையாது.

அந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தார்: ‘இருந்தது. பெரிய புங்கமரம். இருட்டும்வரை நிழல். பாப்பா சொன்னாள்.’

அவரை ஏமாற்றிவிட்டதாகத்தான் அந்த லீவு முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.