சிரித்த பிறகு கூழ்

மகளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய அம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுகிறார்கள். காலையிலிருந்து எனக்கு எதுவும் இறங்கவில்லை. "வேணாங்க" என்கிறேன்.

கரண்டி பிடித்த பெண் என் முகத்தைப் பார்க்கிறாள். "இன்னாக்கா, அழுதுகினு கீற?"

"பொண்ணு வெளிநாடு போயிட்டா."

"போன பொண்ணு ஃபோனாச்சும் பண்ணும். என் வூட்டுக்காரரு பக்கத்துலயே படுத்துகினு கீறாரு, இன்னா பிரயோஜனம்?"

வரிசையில் நிற்கும் பெண்கள் வெடித்துச் சிரிக்கிறார்கள். நானும்தான்.

கிரேக்கர்களின் விளைச்சல் தெய்வம் டிமீட்டர், மகளைப் பறிகொடுத்துப் பட்டினி கிடந்தாளாம். ஒருத்தி கொச்சையாகக் கேலி பேசிச் சிரிக்கவைத்த பிறகுதான் பார்லிக் கூழ் குடித்தாளாம். அங்கே பெண்கள் மட்டும் கூடி விரதமிருந்து, அதேபோல் கேலி பேசி அவளுக்கு விழா எடுத்தார்கள். கல்லூரியில் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குப் புரிந்ததே இல்லை.

மகள் இட்லி தின்று காலிசெய்த டப்பாவைக் கழுவாமலே நீட்டுகிறேன்.

"டப்பா சின்னதா கீது. குடிச்சிட்டு மறுபடி வாக்கா."