சத்திரத்து மதிலில் எங்கள் வாசல்

எங்கள் அத்தை மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கல்யாணத்தைத் தட்டிக் கழித்துவிட்டு பிரஷ்ஷும் கையுமாகத் திரிந்ததால், திருத்தணியில் எங்கள் தெருவே அவளை நினைத்துக் கவலைப்பட்டது. அத்தைக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. கோடை விடுமுறைக்கு அவள் வந்து இறங்கினால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவள் செருப்பில் காய்ந்து கிடக்கும் பெயிண்ட்கூட எனக்கு அழகாகத் தெரிந்தது.

நான் மூன்றாவது படித்த வருஷம், மலையடிவாரத்தில் பஸ் திரும்ப இடம் போதவில்லை என்று தெருவின் ஒரு வரிசை வீடுகளை இடிப்பதாக முடிவானது. எங்கள் வீடும் அந்த வரிசையில்தான். அப்பா ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். ஆனால் அம்மாவை அரித்தது வேறு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் ஆந்திரக் குடும்பங்களுக்கு, வந்து இறங்க எங்கள் தெருவில் ஆளுக்கொரு வீடு உண்டு. எங்கள் வீட்டுக்கு வருகிற பெரியவரை நைனா என்று கூப்பிடுவோம். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே வருகிறவர். காவடியை எங்கள் கூடத்தில் இறக்கிவைத்து, அம்மா கையால் மோர் வாங்கிக் குடித்த பிறகுதான் மலையேறுவார். அவர் ஊர் புத்தூருக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. வருஷம் தவறாமல் வருகிறவரிடம் விலாசம் கேட்க யாருக்குத் தோன்றும்?

"காவடியும் தோளுமா வந்து, வெறும் மண்ணைப் பாத்துகினு நிப்பாரே," என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

அது அத்தை காதிலும் விழுந்தது. மறுநாள் எதிர்ப்பக்கச் சத்திரத்து மணியக்காரரிடம் போய், அந்த நீண்ட மதிலைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். வெள்ளையடிக்கிற செலவு மிச்சம் என்று அவர் உடனே தலையாட்டியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டு வாசலையும் கயிறு பிடித்து அளந்து, அதற்கு நேர் எதிரே, அதே உயரத்தில், கரிக்கோட்டில் வரைந்தாள். வண்ணம் அடிக்க வேண்டியது அந்தந்த வீட்டுக்காரர்கள். மிச்சம் மீதி நீலம், காவி, பச்சை என்று ஆளாளுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் கேலி செய்துகொண்டுதான் வந்தார்கள். வாசல் கண்ணெதிரே இருக்கும்போது அதை எதற்கு எதிர்ச் சுவரில் எழுத வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டு நாளில் கேலி போய்ச் சண்டை வந்தது. தெருக்கோடி வீட்டுக்காரர் தன் வாசலில் காலிங் பெல் வேண்டும் என்று அடம் பிடித்தார். அவர் வீட்டில் கரண்டே கிடையாது.

"இருந்ததை மட்டுந்தான் போடணும்," என்றாள் அத்தை. அதில் அவள் யாருக்கும் இறங்கி வரவில்லை, அம்மாவுக்குக்கூட.

எங்கள் வீட்டு வாசல்நிலை தாழ்வானது. குனிய மறந்த ஆண்கள் எல்லாரும் தலையை இடித்து இடித்து, மேல்கட்டையில் எண்ணெய்ப் பிசுக்காகக் கருப்பாக ஒரு கறை படிந்திருந்தது. அத்தை அதையும் அப்படியே மதிலில் போட்டிருந்தாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஊரே பாக்குற சுவுத்துல எங்க வூட்டு அழுக்கத்தான் எழுதணுமா? அத அழிச்சுடும்மா."

"அது அழுக்கு இல்ல அண்ணி," என்றாள் அத்தை. பிரஷ்ஷை அவள் எடுக்கவே இல்லை.

நாத்தனார் என்பதால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வந்ததும் அத்தை மெட்ராஸுக்குப் போய்விட்டாள். ஆனியில் வீடுகளை இடித்தார்கள். வெட்டவெளியான அந்த இடத்தில் பஸ்கள் தூசி கிளப்பிக்கொண்டு திரும்பின.

ஆடிக் கிருத்திகை அன்று அப்பா என்னை மதிலோரம் நிறுத்திவிட்டு, நைனாவைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனார். தெரு கொள்ளாத கூட்டம். அரோகரா சத்தத்தில் காது அடைத்தது. அப்பா கண்ணில் படாமல் எப்படியோ நைனா தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தார். வழக்கம்போல வீட்டுப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். காவடி தோளில் ஆடியது. பிறகு மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, மதிலைப் பார்த்தார். வரிசையாக அத்தனை வாசல்கள் இருந்தும், நேராக எங்கள் வாசலுக்குத்தான் வந்தார். வந்தவர், எப்போதும் செய்வதுபோலவே, அந்தக் கறைக்குக் கீழே தலையைக் குனிந்தார்.

நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அவர் என்னை அப்போதுதான் பார்த்தார்.

"ஏம் பாப்பா, வாசலு இந்தப் பக்கம் மாறிப் போச்சா?"

"ஆங். நாங்க ஸ்டேஷன்கிட்ட போய்ட்டோம் நைனா. அம்மா உங்கள இட்டுகினு வரச் சொன்னாங்க."

அவர் வரவில்லை. காவடியை மதிலடியில் சார்த்திவைத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவ மோர் எத்துகினு வரச் சொல்லும்மா. நைனா வாசல்ல குந்திகினு இருக்காருன்னு சொல்லு."

ஓடினேன். அம்மாவிடம் சேதியைச் சொன்னதோடு, அவர் சுவரிடம் குனிந்ததை நடித்தும் காட்டினேன். நான் எதைச் செய்து காட்டினாலும் சிரிக்கிற அம்மா அன்று சிரிக்கவில்லை. "கறைக்கிட்டயா குனிஞ்சாரு?" என்று மட்டும் கேட்டாள். சொம்பைத் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், அந்தக் கூட்டத்தில் அவள் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நைனா மோரைக் குடித்தார், காவடியை எடுத்தார், மலையேறினார். எல்லாம் எப்போதும்போல நடந்தது.

வளர்ந்த பிறகு நான் மெட்ராஸில் பெரிய பெரிய ஓவியங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். எதற்கு முன்னாலும் யாரும் தலை இடிக்கும் என்று குனிந்து நான் பார்க்கவில்லை. நைனா அன்று குனிந்ததை அத்தை பார்க்கவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாத குறை.

அந்தக் கிருத்திகைக்கு அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மதில் பக்கம் திரும்பினாள். ஆடி மழையில் கறை கொஞ்சம் வெளுத்திருந்தது. அத்தை ஊரில் இல்லாத தைரியத்தில் அம்மா அதை அழிக்கத்தான் போகிறாள் என்று எனக்குப் பகீரென்றது. அவளோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எண்ணெய் வைத்துச் சீவியிருந்த தன் தலையை உள்ளங்கையால் நன்றாகத் தடவினாள். பிறகு எட்டி, அந்தக் கையைக் கறையின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கறை மறுபடி கருத்தது.

அழிக்கச் சொல்லி அத்தனை சண்டை போட்டவள், இப்போது தானே அதை இன்னும் அழுக்காக்குகிறாளே, இந்த அம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நான் அவள் பின்னால் நடந்தேன்.