புளிச் சக்கையும் மண்புழுக்களும்

அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. என்னிடம் மட்டும், அப்பாவுக்கு ஆபீஸில் நீண்ட லீவு என்று சொல்லி வைத்திருந்தார்கள். விவேக் நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். லீவில் இருக்கும் மனிதர் நிம்மதியாகத் தூங்கவாவது வேண்டாமா? அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. போனை எடுப்பார், வைப்பார், பால்கனிக்குப் போவார், திரும்புவார். பார்க்கிற எனக்கே காலில் எறும்பு ஊறுவதுபோல் இருக்கும்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு டப்பா நிறைய மண்புழு வாங்கி வந்தார். காய்கறித் தோலும் டீத்தூள் சக்கையும் போட்டால் தின்று உரமாக்கிவிடுமாம். மாடிப்படி முடிகிற இடத்தில், எங்கள் வாசலையொட்டி டப்பாவை வைத்தார். அதன்பின் அவர் நடமாட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான். சும்மா சும்மா மூடியைத் திறந்து பார்ப்பார். புழுக்களுக்கே எரிச்சல் வந்திருக்கும். ஒரு புழு கீழே வந்தாலும் டப்பா இங்கே இருக்கக் கூடாது என்று கீழ்வீட்டு ஓனரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் அதைக் கண்டாலே அருவருப்பு. அந்தப் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு டியூட்டி. அப்பா புளிக்குழம்பு வைத்தார். ஊருக்கே சமைப்பவர்போல் புளியைக் கரைத்தார். வேலை விஷயமாக யாரோ கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததால் கண்ணெல்லாம் போன்மேல். பிழிந்த சக்கை முழுவதையும் கொண்டுபோய் டப்பாவில் கொட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். புழுவுக்குப் புளிப்பு ஆகாது என்று எனக்கே பாடம் எடுத்தவர் அவர். போனும் வரவில்லை.

விடிந்து பார்த்தால் படியெல்லாம் புழு. "சக்கைய நான்தான் கொட்டினேன்" என்று அம்மாவிடம் முணுமுணுத்துவிட்டு, அப்பா குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். அதற்குள் ஓனரம்மா கீழ்ப்படிக்கு வந்து, கன்னடம் கலந்த தமிழில் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"ஏனு சார் இது? படி பூரா ஹுளா. வீட்லயேதான இருக்கீங்க, இதக்கூட பாத்துக்க மாட்டீங்களா?"

அப்பாவின் கையிலிருந்த புழு நழுவி விழுந்தது.

கழுத்தில் ஐடி கார்டோடு கிளம்பி நின்ற அம்மா முன்னால் வந்தாள். "நான்தான் மேடம். அவரு வேணாம் வேணாம்னாரு, நான்தான் கேக்காம புளிச் சக்கையக் கொட்டிட்டேன். இந்த ஒரு தடவ விட்டுடுங்க."

"அப்பாதானம்மா..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் காலை அழுத்தி மிதித்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து வெறுங்கையால் பொறுக்கினாள். ஓனரம்மா முனகிக்கொண்டே உள்ளே போனார். டப்பா தப்பித்தது. அம்மாவின் பஸ் போய்விட்டது.

ஸ்கூல் வேனில் ஏறிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. நான் பொய் சொன்னால் முதுகில் ஒன்று வைக்கிறவள் அம்மா. அவளே இப்படிக் கூசாமல் சொல்லலாமா? அப்பா வீட்டில் சும்மாதானே இருக்கிறார், இரண்டு திட்டு வாங்கினால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.