தூர்வாராத ஆற்றுக்கு வக்கீல் தேடிய கதை

எடை மேடையில் உட்காருகிறவன் லாரியின் எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும், மண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. எண்ணூரில் நான் கேட்டுத் தொலைத்தேன். ஆற்று முகத்துவாரத்தைத் தூர்வார அரசாங்கம் பணம் கொடுத்தது. ஒப்பந்தக்காரரோ மண் ஏற்றிய ஒரே லாரியைப் பின்வாசல் வழியாகச் சுற்றவிட்டு, நாளெல்லாம் என்னிடமே எடை போட்டார். புகார் கொடுத்தேன், வேலை போயிற்று. சீட்டில் இருப்பது என் கையெழுத்து என்பதால், மோசடி செய்தவனே நான்தான் என்று போலீசில் எதிர்ப்புகார் வேறு. வக்கீல் கிடைக்காவிட்டால் உள்ளே போவது நான். கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்களே, அந்த அவஸ்தை உங்களுக்குத் தெரியும்.

டோல்கேட் மாடி

டோல்கேட்டில் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்த முதல் வக்கீல் டீ வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டார். பிறகு காகிதக் கட்டைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பீஸை வாங்கிக்கொண்டு எதிர்த்தரப்புக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த நல்ல மனசுக்கு இன்றும் நன்றி. வாசல் வரை வந்து அவர் சொன்னது: "அந்த லாரி என் மச்சானுதுபா. உன் கேஸ எட்தா வூட்ல சோறு கெடைக்காது."

ஊரே கிளம்பியது

நான் அலைவது மீனவக் குப்பத்துத் தலைவர் காதுக்குப் போனது. சேற்றில் சிக்குவது அவர்கள் படகுகள்தானே. ஊர் ஒன்றை முடிவு செய்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே வண்ணாரப்பேட்டை வக்கீலைப் பார்க்க, கடலிலிருந்து கரையேறிய கையோடு, மடித்துக் கட்டிய லுங்கியும் இடுப்பில் வலை அறுக்கும் கத்தியுமாக ஒரு கூட்டமே என்னோடு படியேறியது.

வக்கீல் கதவைத் தாழிட்டுப் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். தலைவர் பொறுமையாகக் கதவைத் தட்டினார்: "சார், அடிக்க வர்ல சார். கேஸு குடுக்க வந்துகீறோம். கதவத் தொறங்க, உங்களுக்கு எட்தாந்த மீனு கெட்டுப்பூடும்."

முழங்கால் சேறு

கதவு திறக்கவில்லை. ஆனால் வந்த போலீஸ்காரர், சிரித்து முடித்தபின், ராயபுரத்தில் ஒரு வக்கீல் அம்மாவிடம் போகச் சொன்னார். இப்படியும் உதவி வரும்.

அந்த அம்மா வெறும் பேச்சை நம்பி வழக்கை எடுக்க மாட்டேன், இடத்தைக் காட்டுங்கள் என்றார். மறுநாள் தலைவரின் படகில் போனோம். ஆழமாக்கியதாகக் கணக்கு எழுதிய இடத்திலேயே படகு தரை தட்டி உட்கார்ந்தது. வக்கீல் அம்மாவும் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று எங்களோடு தள்ளினார். திரும்பும் வழியெல்லாம் சேற்றையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கோபமோ என்று பயந்தேன். கரையில் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "தப்புப் பண்ணிட்டேண்ணா. தூர்வாரலன்னு என் கண்ணால பாத்துட்டேன், இப்ப நானே சாட்சி. சாட்சி சொல்றவ அதே கேஸுக்கு வக்கீலா நிக்க முடியாது."

தோழி

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே அவர் தன்னோடு சட்டம் படித்த தோழியை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். தோழி வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே எனக்கு முன்ஜாமீன் எடுத்துக் கொடுத்தார். பெரிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். கையெழுத்துப் போட்ட அன்று ராயபுரத்து அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்: "இவள ஆத்துப் பக்கம் மட்டும் கூட்டினு போயிடாதீங்கண்ணா. இவளும் சாட்சி ஆயிட்டா எனக்கு வேற தோஸ்து கெடையாது."

வக்கீலைத் தேடிப் போனால் வக்கீலைத் தவிர மற்ற எல்லாரும் முதலில் கிடைக்கிறார்கள், அவர்கள் விடாமல் கூட நின்றால் கடைசியில் வக்கீலும் கிடைத்துவிடுகிறார்.