அண்ணியின் ஓட்டைக் குழாய்

யார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை எங்கள் அண்ணிக்குக் கிடையவே கிடையாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை. அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டதால் அவர் பங்கு வயலை அண்ணிதான் பார்க்கிறார். பக்கத்து வயல் என்னுடையது. இரண்டுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவர் முறை, மறுநாள் என் முறை.

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டாம், விட்டுவிட்டுப் பாய்ச்சினால் போதும் என்று வேளாண்மை அலுவலர் கூட்டம் போட்டுச் சொன்னார். நாங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். அண்ணிக்கு மட்டும் அது உறைத்தது. முந்தைய வருடம் கடைசி நேரத்தில் கிணறு வற்றி அவர் நெல்லில் பாதி பதராகியிருந்தது. முன்னதாக நட்ட நான் தப்பித்திருந்தேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுற்றிலும் துளை போட்டு வயலில் புதைத்தார். மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அதற்குள் பார்த்தால் தெரியும். அது தரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கும்வரை மோட்டாரைத் தொடமாட்டார்.

"என்ன அண்ணி, வயலுக்கு ஸ்ட்ரா போட்டிருக்கீங்களா?" என்று சிரித்தேன்.

அவர் வயல் லேசாக வெடித்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம், "அண்ணன் இல்லேன்னு இப்படிக் காயவிட்டுட்டியே" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மானம் போயிற்று. ஒருநாள் காலையில் வரப்பை வெட்டி என் வயல் தண்ணீரை அவர் வயலுக்குத் திருப்பினேன். பெரிய தர்மப்பிரபு என்று நினைப்பு வேறு!

அண்ணி மண்வெட்டியோடு ஓடி வந்தார். "உன்னை யாருப்பா கேட்டா? இது இறங்கட்டும்னு எட்டு நாளா காத்துட்டிருக்கேன்!"

ரோஷம் வந்துவிட்டது. அவர் பயன்படுத்தாத முறைகளிலும் நானே மோட்டாரைப் போட்டேன். சும்மா கிடக்கிற தண்ணீர்தானே.

கதிரில் பால் பிடிக்கும் சமயத்தில் கிணறு கையை விரித்தது. மோட்டார் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை. சொகுசாகவே வளர்ந்த என் பயிர் இலை சுருண்டது. தினமும் அந்த அரை மணித் தண்ணீர் கிடைத்தால்தான் தேறும். அதில் பாதி நாள் அண்ணியுடையது. இப்போது அது சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை. எந்த முகத்தோடு கேட்பது? வரப்பில் போய் நின்றேன்.

அவர் குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்த்தார். "இன்னும் நாலு விரல் இறங்கணும். என் முறையையும் நீயே எடுத்துக்க."

"உங்களைக் கிண்டல் பண்ணவன் அண்ணி நான்."

"கிண்டல் பண்ணது நீ. பயிர் என்ன பண்ணுச்சு?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதே சமயம் அப்படி ஒரு நிம்மதி. அந்த வாரம் முழுக்கப் பாய்ச்சினேன். நெல் தேறியது, இருவருக்கும்.

அறுப்பு முடிந்ததும் குழாய் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். "கடையில விக்குது, போய் வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்தேன். துளையெல்லாம் அவரே போட்டுக் கொடுத்தார்.