கதவுச் சட்டத்தில் ஒரு கை

காரைக்குடிக்கு வெளியே பழைய ஓடுதளத்தில் ஒரு வாரம் பாராசூட் முகாம் போட்டிருந்தார்கள். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என் மனைவி இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். மொட்டைமாடிச் சுவரோரம் நிற்கவே தயங்குகிற ஆள் நான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

குதிக்கிற அன்று காலை தரையில் பழக்கினார்கள். என் முதுகோடு வாரால் பிணைத்துக்கொண்டு குதிக்கப் போகிறவர் ஒக்கூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்தவர். விமானத்தை விட்டு வெளியேறும்போது இடுப்பை முன்னால் தள்ள வேண்டும், தலையை அவர் தோளில் சாய்க்க வேண்டும், கால்களை மடக்கிப் பின்னால் கொண்டுபோக வேண்டும், கைகள் நெஞ்சு வாரைப் பிடித்திருக்க வேண்டும். உடம்பு வில்லாக வளைந்தால் காற்று ஏந்திக்கொள்ளும், பயந்து சுருண்டால் இருவரும் சேர்ந்து உருளுவோம் என்றார். மனைவி முதல் தடவையே சரியாகச் செய்தாள். எனக்கு ஆறு தடவை ஆனது.

மேலே போய்க் கதவு திறந்ததும், தன் பயிற்றுநரோடு அவள்தான் முதலில் போனாள். தலை சாய்ந்து, கால் மடங்கி, சொல்லிக்கொடுத்தபடியே.

அடுத்து, ஒக்கூர்க்காரர் என்னை விளிம்புக்கு நகர்த்தினார். கீழே கண்மாய்கள் சில்லறை சில்லறையாக மின்னின. என் வலக்கை தானாகக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. முழங்கால்கள் வயிற்றை நோக்கி ஏறின.

அவர் அவசரப்படுத்தவில்லை. காதோரம் சொன்னார்: "வேணாம்னா விமானத்துலயே இறங்கிருவோம்ண்ணே, தப்பில்லை. போறதுன்னா கையை மட்டும் எடுங்க."

திரும்பிப் போகலாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கையை எடுத்தேன். இடுப்பைத் தள்ளினேன்.

உருளவில்லை. காற்று நெஞ்சில் மெத்தை மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு, மேலே குடை விரிந்தது, சத்தமெல்லாம் அடங்கியது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் பிற்பாடு சொன்னார்.

காலைத் தூக்கி, புல்லில் உட்கார்ந்தபடியே இறங்கினோம். மனைவி ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாரீகளோன்னு கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றாள்.

"கதவு வரைக்கும் உனக்காகத்தான் வந்தேன்," என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நடைக்கு விமானம் கிளம்பும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.