ஆடி வெள்ளியில் நெத்திலி

பட்டுப் புடவையின் முந்தியில் குஞ்சம் கட்டுவதும் ஃபால்ஸ் தைப்பதும் என் வேலை. புடவை எடுத்தவர்கள் கடையிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்கள். போன ஆடி மாதம் செவிலிமேட்டு வாடிக்கைக்காரி ஒருத்தி புடவையோடு ஒரு பிளாஸ்டிக் கூடையையும் நீட்டினாள். உள்ளே மூன்று பூனைக்குட்டிகள்.

"இதுங்க அம்மாவ லாரி அடிச்சிடுச்சிக்கா. ஃபாஸ்டர் பண்ணுங்க, ஒரு மாசம்தான். அதுக்குள்ள வளக்கறதுக்கு ஆள் பாத்துடறேன்" என்றாள். எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை புதிது. "ஃபாஸ்டர்னா இன்னா? ஃபாஸ்டா திருப்பிக் குடுத்துடறதா?" என்று கேட்டார்.

"ஆமா, ரொம்ப ஃபாஸ்ட்டு" என்றேன். ஒரு மாதம் என்பதை அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றுக்கும் சளி. பீளை காய்ந்து இமைகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்று தும்மினால் மற்ற இரண்டும் தும்மின. சாம்பல் நிறத்தில் ஒன்று, கறுப்பு ஒன்று, ஒரு கைப்பிடிகூடத் தேறாத பொடிசு ஒன்று. கொடுக்கப்போகிற பிள்ளைகளுக்கு எதற்குப் பெயர் என்ற வீறாப்பில் பெயர் எதுவும் வைக்கவில்லை.

கண்ணைத் திறந்துவிட்டவர் என் வீட்டுக்காரர்தான். தறியில் ஒரு பாவு முடிந்ததும், பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பது அவர் தொழில். பட்டிழையை அறுக்காமல் பிடித்துப் பழகிய கை. வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து, பீளையை ஊறவிட்டு ஊறவிட்டு எடுத்தார். ஒரு குட்டிக்கு அரை மணி நேரம் பிடித்தது. நானாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன், குட்டிக்குக் கண்ணும் போயிருக்கும்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். சளி பிடித்த குழந்தைக்கு எங்கள் வீட்டில் வழக்கமாக என்ன செய்வோமோ அதைத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் குட்டிகளை ஈரத்துணியால் துடைத்து, தணலில் சாம்பிராணி தூவி, கூடையைச் சுற்றிப் புகை காட்டினேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் புகையில் வளர்ந்தவர்கள்தான். குட்டிகள் தும்மித் தள்ளின. சளி வெளியே வருகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் பொடிசு வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பூனைத் தீனியை ஊறவைத்து வைத்தால் மற்ற இரண்டும் நக்கின. பொடிசு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து எதையும் தொடவில்லை. பயந்துபோய் ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா குட்டியைப் பார்ப்பதற்கு முன்பே கூடைத் துணியை முகர்ந்தார்.

"சாம்பிராணி போட்டீங்களா?"

"கொஞ்சம்தான் டாக்டர்."

"கொஞ்சமோ நெறையவோ, புகையே ஆகாதும்மா. ஏற்கெனவே மூச்சு விட முடியாம திணறிக்கினு இருக்குது, நீங்க வேற."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாராவது ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்கு அந்தக் கூடைத் துணியை உருவிச் சுருட்டி என் பைக்குள் திணித்துக்கொண்டேன். நல்லது செய்வதாக நினைத்து நானே அதன் மூச்சை அடைத்திருக்கிறேன் என்று உடம்பெல்லாம் கூசியது.

ஊசி போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்தும் ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்தார். "வெந்நீர் ஆவி காட்டுங்க, அது போதும். பூனைக்கு வாசன தெரியலன்னா அத சாப்பாடுன்னே நினைக்காது, பட்டினி கெடந்தே போயிடும். நெத்திலிய உப்பு போடாம வேகவச்சி, வெதுவெதுன்னு குடுங்க. நல்லா வாசன அடிக்கணும். இன்னிக்கே சாப்பிட்டாவணும்மா. இல்லன்னா கஷ்டம்தான்."

நெத்திலி. அதுவும் ஆடி வெள்ளிக்கிழமை. சைவம் மட்டும் என்று பேசிக் குடிவந்த வீடு எங்களுடையது. மீன் ஆசை வந்தால் வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயில் பாக்குப் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் நாங்கள். மாடியில் இருக்கும் ஓனரம்மா முட்டை ஓட்டைப் பார்த்தாலே தலை முழுகுகிறவர். என்னிடம் தைக்க வரும் பட்டுப் புடவைகளை எலி கடிக்கக் கூடாதே என்றுதான் பூனைக்கே ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் நெத்திலியை ஜவுளிக்கடைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தார். ஜன்னலைச் சாத்தினோம். பாத்ரூமில் வெந்நீர் வாளி பக்கத்தில் பொடிசை வைத்து ஆவி காட்டினேன். இவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். ஊரில் கவுச்சி வாடை அடித்தால் என்ன செய்வார்கள்? அவரும் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் சாம்பிராணி போட்டா..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்; கொதிக்கிற நெத்திலியை மறைக்க முடியாது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"இன்னாமா இது, கவுச்சி வாட படிவரைக்கும் வருது?"

ஓனரம்மா தலைக்குக் குளித்து, கையில் பூஜைக்குப் பூத்தட்டோடு வாசலில் நின்றார். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"மீன்தான்கா. எங்களுக்கு இல்ல, இதுக்கு. இன்னிக்கி சாப்பிடலன்னா செத்துடுமாம். நாந்தான் பொக போட்டு இத இப்பிடிப் பண்ணிட்டேன். வீட்ட காலி பண்ணச் சொன்னா பண்றேன், ஆனா அடுப்ப அணைக்க மாட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் பூத்தட்டோடு அங்கேயே நின்றார். நான் தரையில் உட்கார்ந்து, மீனை மசித்து விரல் நுனியில் எடுத்து நீட்டினேன். பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு தடவை நீட்டினேன், அப்போதும் திருப்பியது. என் வீட்டுக்காரர் பஞ்சை நனைத்து அதன் மூக்கு ஓட்டைகளை மெல்லத் துடைத்துவிட்டார். மூன்றாவது தடவை மூக்கு ஒரு துடி துடித்தது. நாக்கு வெளியே வந்தது. அப்புறம் மீன் எது விரல் எது என்று அது பார்க்கவில்லை, உறுமிக்கொண்டே கடித்தது. எனக்கு ரத்தமே வந்துவிட்டது. வலியில் கத்துவதற்குப் பதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஓனரம்மா அது தட்டை வழித்து நக்குகிற வரைக்கும் நின்றார்.

"இன்னும் எத்தினி நாளைக்கு இதக் குடுக்கணும்?"

"ஒரு வாரம்னு சொன்னாங்கக்கா டாக்டர்."

முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். ஒரு தும்மல்கூட இல்லாத அந்த மூக்கை எங்களுக்குக் கேட்கும்படி ஒருமுறை உறிஞ்சினார்.

"எனக்கும் சளி புடிச்சிருக்குதுமா, ஒரு வாசனையும் தெரியல. அது விட்டுப்போக ஒரு வாரம் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.